இன்டேக் வாங்கும் முன் குதிரைத்திறன் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி?

எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ஃபில்டரும் குழாயும் சேர்ந்த ஏர் இன்டேக் ஒன்றின் பெட்டி மேல் "15 குதிரைத்திறன் கூடும்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்த உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுபவர்கள் நம்மில் அதிகம். அந்தப் 15 எந்த இடத்தில் அளக்கப்பட்டது, எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) கிடைத்தது, எதனோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் பெட்டியில் பதில் இருக்காது. ஆனால் அதை நாமே கணக்கிட்டு ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயும் போதும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 2011 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வண்டியை எடுத்துக்கொள்கிறேன். கயோட்டி என்று அழைக்கப்படும் அதன் 5.0 லிட்டர் வி8 எஞ்சினில் டர்போ கிடையாது என்பதால் கணக்கு எளிது. இன்டேக் விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த எஞ்சின்களில் அதுவும் ஒன்று.

படி 1: அலகைப் பாருங்கள்

அந்த எஞ்சினுக்கு ஃபோர்டு அறிவித்த திறன் 412 குதிரைத்திறன். இது 745.7 வாட் கொண்ட அமெரிக்கக் குதிரை. ஐரோப்பியரும் ஜப்பானியரும் பயன்படுத்தும் பிஎஸ் அலகு 735.5 வாட்தான். ஆகவே அதே எஞ்சினை பிஎஸ் கணக்கில் எழுதினால் 418 ஆகிவிடுகிறது, கிலோவாட்டில் 307 ஆகிறது. பழைய எண்ணை ஓர் அலகிலும் புதிய எண்ணை இன்னோர் அலகிலும் அச்சிட்டால், எதையும் கழற்றி மாட்டாமலே ஆறு குதிரை கூடிவிடும். நம் ஊர் விளம்பரங்களில் பிஎஸ், பிஎச்பி (அந்த 745.7 வாட் குதிரை) இரண்டும் கலந்தே வருவதால் இதைப் பார்ப்பது முதல் வேலை.

பழைய அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1971 வரை அங்கே அறிவிக்கப்பட்ட எண்கள் பெரும்பாலும் 'கிராஸ்' கணக்கில் இருந்தன. அதாவது வண்டியில் மாட்டாத எஞ்சினை, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல், ஸ்டாண்டில் வைத்து ஓட்டி எடுத்த அளவு அது. 1972-இல் எல்லாப் பாகங்களோடும் அளக்கும் 'நெட்' கணக்குக்கு மாறினார்கள். 1971-இல் 330 என்று அறிவிக்கப்பட்ட கொர்வெட் எல்டி-1 எஞ்சின், அடுத்த ஆண்டு 255 ஆகக் குறைந்ததற்கு இந்த அளவுகோல் மாற்றமே முக்கியக் காரணம்.

படி 2: எஞ்சினில் அளந்ததா, சக்கரத்தில் அளந்ததா?

நிறுவனம் சொல்லும் 412, எஞ்சினிலிருந்து சுழற்சி வெளிவரும் கிராங்க் தண்டில் அளக்கப்பட்டது. இன்டேக் விற்பவர் காட்டும் வரைபடமோ, வண்டியின் பின்சக்கரங்களை உருளையின் மேல் ஏற்றி, டைனோ என்ற திறன் அளக்கும் இயந்திரத்தில் எடுத்தது. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் ஆகியவை தங்கள் பங்கை எடுத்துக்கொள்வதால், மாற்றம் ஏதும் செய்யாத அதே மஸ்டாங் சக்கரத்தில் ஏறத்தாழ 350 முதல் 380 வரை காட்டும். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், டைனோவுக்கு டைனோ அளவு மாறுவதுதான். 'மஸ்டாங்' என்ற பெயரிலேயே ஒரு டைனோ தயாரிப்பு உண்டு. காருக்கும் அதற்கும் தொடர்பில்லை. டைனோஜெட் என்ற வேறொரு தயாரிப்பில் பெரிய எண் பார்த்துவிட்டு, சுமை ஏற்றி அளக்கும் அந்த மஸ்டாங் டைனோவில் ஏற்றினால் பொதுவாகச் சற்றுக் குறைவாகவே காட்டும், எஞ்சின் அதேதான் என்றாலும்.

அடுத்து, வரைபடத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் திருத்தக் குறியைத் தேடிப் பாருங்கள். வெயிலில் காற்று லேசாகவும் குளிரில் அடர்த்தியாகவும் இருப்பதால், அன்றைய வானிலையில் கிடைத்த எண்ணை ஒரு பொது நிலைக்கு மாற்றி எழுதுவது வழக்கம். 'எஸ்ஏஇ' என்றிருந்தால் 25 டிகிரி வெப்பமும் 99 கிலோபாஸ்கல் அழுத்தமும் கொண்ட காற்றுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். 'எஸ்டிடி' என்றிருந்தால் அது 15.6 டிகிரி, 101.3 கிலோபாஸ்கல் என்ற இன்னும் அடர்த்தியான காற்று. இரண்டாவது கணக்கு முதலாவதைவிட ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். எஸ்ஏஇ கணக்கில் 370 காட்டும் வண்டி எஸ்டிடி கணக்கில் 385 ஆகிவிடும். பெட்டியில் அச்சிட்ட அந்தப் 15 ஞாபகம் இருக்கிறதா?

படி 3: உச்சியை மட்டும் பார்க்காதீர்கள்

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கிக் கிடைப்பது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். ஆகவே முறுக்குவிசை குறைந்தாலும், அது கூடுதலான ஆர்பிஎம் வரை தாக்குப்பிடித்தால் குதிரைத்திறன் எண் பெரிதாகிவிடும். இதற்கு ஃபோர்டின் சொந்தத் தயாரிப்பே சாட்சி. 2011 ஜிடி 6,500 ஆர்பிஎம்மில் 412 குதிரைத்திறனும், 4,250-இல் 529 நியூட்டன் மீட்டரும் தந்தது. அதே 5.0 லிட்டர் எஞ்சினை வைத்து 2012-இல் வந்த பாஸ் 302 மாடல் 7,400-இல் 444 குதிரைத்திறன் தந்தது. உச்ச முறுக்குவிசையோ 515 நியூட்டன் மீட்டராக இறங்கியது. சிலிண்டர் ஹெட்டும் கேம் தண்டும் மாறியிருந்தாலும், இந்தக் குணமாற்றத்தில் பெரும்பங்கு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியான அதன் இன்டேக் மேனிஃபோல்டுக்கு உண்டு. அதன் குழாய்கள் குட்டையானவை. சிலிண்டருக்குள் போகும் காற்று குழாயில் அலை அலையாக முன்னும் பின்னும் எதிரொலிக்கிறது. நீளமான குழாயில் அந்த அலை குறைந்த ஆர்பிஎம்மில் வால்வு திறந்திருக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்து காற்றைத் திணிக்கும். குட்டைக் குழாயில் அதே பொருத்தம் உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் அமையும்.

பாஸ் மேனிஃபோல்டைத் தனியாக வாங்கித் தங்கள் ஜிடியில் மாட்டியவர்கள் பலர். பந்தயத் தடத்தில் ஊசியை 7,000-ஐ ஒட்டியே வைத்திருப்பவருக்கு அது பொருத்தமானது. சிக்னலுக்குச் சிக்னல் 3,000 ஆர்பிஎம்மில் ஓட்டுபவர், தான் ஒருநாளும் தொடாத இடத்துக்காக நாள்தோறும் பயன்படுத்தும் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். ஆகவே வரைபடத்தில் நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஆர்பிஎம்முக்கு நேராக ஒரு கோடு இழுத்து, அங்கே பழைய வளைவு மேலே இருக்கிறதா, புதிய வளைவு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். 4,000-க்குக் கீழே உள்ள பகுதியைக் காட்டாமல் வெட்டிய வரைபடத்தை நான் நம்புவதில்லை.

படி 4: எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது?

இனி ஃபில்டர் பெட்டியும் குழாயும் மட்டும் மாறும் 'கோல்டு ஏர் இன்டேக்' வகைக்கு வருவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதும் காற்றை இழுக்கும். கயோட்டியின் கொள்ளளவு 4.951 லிட்டர். அதை 6,500-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16,090 லிட்டர். ஒரு லிட்டர் காற்று 1.2 கிராம் என்று கொண்டால் 19.3 கிலோ, அதாவது 42.6 பவுண்டு. நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்றுக்குச் சுமார் 10 குதிரைத்திறன் என்பது எஞ்சின்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. அதன்படி சிலிண்டர்கள் முழுமையாக நிரம்பினால் 426 வரவேண்டும். ஃபோர்டு சொல்வது 412. அதாவது நிறுவனம் கொடுத்த சாதாரண ஃபில்டர் பெட்டியோடே இந்த எஞ்சின் கிட்டத்தட்ட வயிறு நிறைய மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

படி 5: இப்போதைய இன்டேக் எவ்வளவைத் தின்கிறது என்று அளந்து பாருங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஃபில்டரும் குழாயும் தாமாக எந்தத் திறனையும் உண்டாக்குவதில்லை. பழைய பாதை தடுத்துக்கொண்டிருப்பதைத் தான் புதிய பாதை திருப்பித் தரமுடியும். அந்தத் தடையை அளக்கச் சுமார் மூன்று மீட்டர் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், ஒரு பலகை, அளவுகோல், சாயம் கலந்த தண்ணீர் போதும்.

குழாயை பலகையில் யு வடிவில் கட்டி, இரு கைகளிலும் பாதி உயரம் வரை தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறுமுனையை, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) நடுவே உள்ள குழாயில், எஞ்சினிலிருந்து ப்ரீதர் ஓஸ் என்ற சிறு குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு டி இணைப்பு போட்டு மாட்டுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் உறிஞ்சப்படாதபடி யு வடிவின் ஒவ்வொரு கையும் ஒரு மீட்டராவது உயரம் இருக்க வேண்டும். டைனோவில் வண்டியை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும்போது, பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியில் பலகையைப் படம் பிடிக்கட்டும். சாலையில் இதைச் செய்யவே கூடாது.

உச்ச ஆர்பிஎம்மில் இரு மட்டங்களுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். வெளியே உள்ள காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால், நாம் இழப்பது 2 சதவீதம். 412-இல் 2 சதவீதம் 8 குதிரைத்திறன். ஃபில்டரையே கழற்றி வீசிவிட்டு ஓட்டினாலும் தடை நீங்கியதால் கிடைப்பது அவ்வளவுதான். 25 கூடும் என்று ஒருவர் சொன்னால், மீதி 17 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பெரும்பாலும் கூடவே விற்கும் கணினி ட்யூனிலிருந்து (எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றுவது) வந்திருக்கும். ட்யூன் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதை ஃபில்டரின் கணக்கில் எழுதக்கூடாது. பெட்ரோலும் இதில் ஒளிந்துகொள்ளும். சாதாரணப் பெட்ரோலில் 402, உயர்தரப் பெட்ரோலில் 412 என்று இதே எஞ்சினுக்கு ஃபோர்டே இரண்டு எண்கள் சொன்னது.

நிறுவனம் எப்போதும் சரியாகவே செய்திருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999 மஸ்டாங் எஸ்விடி கோப்ரா 320 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்துக் குறைகிறது என்று புகார் சொல்ல, ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் குழாய்களையும் எஞ்சின் கணினியையும் மாற்றிக் கொடுத்தது. பாதை உண்மையிலேயே அடைபட்டிருந்தால் மாற்றத்துக்குப் பலன் உண்டு என்பதற்கு அது நல்ல உதாரணம்.

படி 6: வெப்பத்தைக் கவனியுங்கள்

பெட்டி இல்லாமல் கூம்பு ஃபில்டரை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் இன்டேக்குகள் எஞ்சின் அறையின் சூடான காற்றையே இழுக்கும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்துவிடும். மேலே தடையை நீக்கிச் சம்பாதித்த 2 சதவீதம் அங்கேயே போய்விட்டது. டைனோவில் இது தெரியாது. அங்கே பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டிருப்பார்கள். வண்டிக் கணினியின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டி, நெரிசலில் இருபது நிமிடம் ஓட்டிய பிறகு இன்டேக் காற்றின் வெப்பம் வெளி வெப்பத்தைவிட எவ்வளவு கூடுதல் என்று முதலில் பழைய பெட்டியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரும் பானெட்டைத் தொடும் ரப்பர் விளிம்பும் உள்ள இன்டேக்கையே தேர்ந்தெடுங்கள்.

படி 7: காற்றளவு சென்சார்

ஃபில்டரை அடுத்து, காற்றின் அளவைச் சொல்லும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அது இருக்கும் குழாயின் விட்டம் 80 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆனால் பரப்பு 27 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று மெதுவாக ஓடுகிறது. சென்சார் உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சொல்கிறது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால் முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சினுக்குள் எரிப்பு தவறி 'நாக்கிங்' என்ற தட்டும் ஒலி தொடங்கும். ஆகவே விட்டம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் ட்யூன் கட்டாயம், அதன் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரிலும் கைக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஒருமுறை நான் தாராளமாகத் தடவி, காயவிடாமல் மாட்டியதில், சென்சாரின் மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து ஐட்லிங் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்த பிறகுதான் சரியானது.

படி 8: முன்னும் பின்னும் அளங்கள்

ஒரே டைனோவில், ஒரே நாளில், 1:1 விகிதக் கியரில் (இந்த மஸ்டாங்கின் ஆறு கியர் மேனுவலில் அது ஐந்தாவது) பழைய இன்டேக்கோடு மூன்று ஓட்டம் எடுங்கள். புதியதை மாட்டி, பானெட்டை மூடி மூன்று ஓட்டம். பிறகு சலிக்காமல் பழையதைத் திரும்ப மாட்டி இன்னும் இரண்டு. கடைசி இரண்டும் முதல் மூன்றோடு ஒத்துப்போகாவிட்டால், நடுவில் தெரிந்த ஏற்றம் எஞ்சின் சூட்டின் வேலையாக இருக்கலாம். சக்கரத்தில் 370 காட்டும் வண்டியில் நான்கைந்து குதிரை வித்தியாசம், அடுத்தடுத்த இரு ஓட்டங்களுக்கு இடையிலேயே வந்துபோகும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இந்தியாவில் நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. எங்கிருந்தாலும் கழற்றிய பழைய பெட்டியையும் கிளாம்ப்புகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். புகைச் சோதனைக்குப் போகும்போதும் வண்டியை விற்கும்போதும் அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.