அகழ்வு வேலையில் ‘கொன்ட்ராக்ட்’: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கவேண்டியவை

கொழும்பில் தொல்லியல் படித்து வெளியே வருபவருக்கு முதல் வேலை நியமனக் கடிதத்தோடு வருவது குறைவு. “மூன்று கிழமை களவேலை, நாளுக்கு இவ்வளவு, திங்கள் வரமுடியுமா?” என்று ஓர் அழைப்புத்தான் வரும். 0.25 ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியில் அபிவிருத்தி வேலை தொடங்குமுன் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற ஒழுங்கு 2000ஆம் ஆண்டில் வந்தது. இப்படியான குறுங்கால வேலைகளில் பல அந்த மதிப்பீடுகளால் வருபவை. சைட்டுக்குப் போனதும் ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் “சுயாதீன சேவை வழங்குநர்” என்று இருக்கும். சேமலாப நிதியும் லீவும் நட்டஈடும் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டன என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்ளும். அது பிழை. தாளில் உள்ள பெயரை விட வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதைத்தான், வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை பார்க்கும்.

நீங்கள் எந்தப் பக்கம்?

நான்கு கேள்விகள் கேட்டுப்பாருங்கள். எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தக் குழியில் நிற்கவேண்டும் என்று யார் சொல்கிறார்? டோட்டல் ஸ்டேஷன் (இடத்தை அளக்கும் நில அளவைக் கருவி), கமரா, வாகனம் யாருடையவை? சுகமில்லாத அன்று உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டா? வேலை பிழைத்தால் நட்டம் யாருடைய பைக்குள்ளிருந்து போகும்?

காலை 7.30க்கு வரவு வைத்து, நிறுவனத்தின் கருவியோடு, கள இயக்குநர் காட்டிய குழியில் நின்று, அவர்களுடைய பதிவுத்தாளை நிரப்பும் குழி மேற்பார்வையாளர் எந்தப் பெயரில் கையெழுத்திட்டாலும் ஊழியர் போலத்தான் தெரிவார். வெள்ளவத்தையில் வீட்டில் இருந்துகொண்டு, சொந்த லெப்டொப்பில், ஒரு வரைபடத்துக்கு இவ்வளவு என்று பேசி, மூன்று இடங்களுக்கு வெட்டுமுக வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக்கொடுப்பவர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர். நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம்.

இந்தத் துறையில் ஒரு சிக்கல் உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழமுடியாது. ஆகவே களத்தில் யாரோ ஒருவர் உங்களை மேற்பார்வை செய்தே ஆகவேண்டும். “அது அனுமதி நிபந்தனை, வேலைக்கட்டுப்பாடு அல்ல” என்று மறுதரப்பு வாதிடலாம். மேற்பார்வை என்ற ஒன்றை மட்டும் நம்பி நிற்காமல் நேரம், கருவி, கொடுப்பனவு முறை மூன்றையும் சேர்த்துக் காட்டுங்கள். மண்வெட்டியைத் தொடுமுன் அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அனுமதியில்லாத அகழ்வில் அகப்பட்டால் “சொன்னார்கள், செய்தேன்” என்பது உங்களைக் காப்பாற்றாது.

சுயதொழில் என்று முடிவானாலும் எல்லாம் போய்விடாது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் ‘தொழிலாளி’ என்பதற்குள் ஒரு வேலையைத் தானே நேரில் நின்று செய்துதர ஒப்பந்தம் செய்தவரையும் சேர்க்கிறது. கொன்ட்ராக்ட் தாளைக் காட்டி விரட்டுகிறவர்கள் அதிகம் வாசிக்காத வரி இது. பதிலாளை அனுப்பமுடியாதபடி உங்கள் பெயருக்கே வேலை எழுதப்பட்டிருந்தால் அந்த வாசகம் உங்களுக்கு உதவும்.

சேமலாப நிதி

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பக்கம் 8%, தொழில்தருநர் பக்கம் 12%. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3%. தற்காலிக, நாட்கூலி, துண்டுவேலை ஊழியர்களுக்கும் முதல்நாளிலிருந்தே இது உரியது. “ஆறு மாதம் முடியட்டும், பிறகு போடுவோம்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு கணக்கில் வராது. சாப்பாட்டுப்படி வரும். அடிப்படையைக் குறைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தைப் ‘படி’ என்று போடுவது பழைய வித்தை. ஒவ்வொரு படிக்கும் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பங்களிப்பு அடுத்த மாதக் கடைசி வேலைநாளுக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் தொழில்தருநர் தலையில் விழும்.

நாட்கட்டணம் எவ்வளவு கேட்பது?

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மாதம் 60,000 ரூபா சம்பளத்தை 24ஆல் வகுத்து 2,500 ரூபா கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் நட்டம்.

கணக்கு இப்படிப் போகவேண்டும். வருடத்துக்கு 7,20,000. தொழில்தருநர் போட்டிருக்கவேண்டிய 15% இனி உங்கள் பொறுப்பு, அது 1,08,000. மென்பொருள், கமரா பழுது, விபத்துக் காப்புறுதி, போக்குவரத்து என்று வருடத்துக்கு 1,32,000 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 9,60,000. இனி, எத்தனை நாளுக்குப் பணம் வாங்கமுடியும்? மழைக்காலம், அனுமதி இழுபடும் நாட்கள், அடுத்த வேலை தேடும் நாட்கள் எல்லாம் கழிய 160 நாள் கிடைத்தாலே நல்ல வருடம். 9,60,000ஐ 160ஆல் வகுத்தால் 6,000 ரூபா. அதே வாழ்க்கைக்கு வேண்டிய நாட்கட்டணம் அதுதான்.

களநாளுக்கு மட்டும் விலை பேசாதீர்கள். கழுவுதல், இலக்கமிடல், வரைதல், அறிக்கை எழுதுதல் எல்லாம் களத்தைவிடக் குறைந்த நாளில் முடிவது அபூர்வம். “அறிக்கையும் சேர்த்துத்தானே” என்ற வார்த்தை ஒப்பந்தத்துக்கு வெளியே வாயால் வந்தால், அந்த நாட்களை அங்கேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

வரியையும் மறக்கவேண்டாம். ஆராய்ச்சியாளர் போன்ற சுயாதீன சேவை வழங்குநருக்கு மாதம் 1,00,000 ரூபாவுக்கு மேல் சேவைக்கட்டணம் கொடுக்கும்போது 5% நிறுத்திவைத்தல் வரி கழிக்கப்படும். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினால்தான் நவம்பர் 30க்குள் கொடுக்கும் வருமான விவரத்திரட்டில் அதைச் சரிக்கட்டலாம்.

ஆள் பிடித்துத் தாருங்கள் என்றால்

“மொத்தமாக இவ்வளவு தருகிறோம், குழி வெட்ட நாலு பேரை நீங்களே பிடியுங்கள்” என்று கேட்டால் கவனம். காசு உங்கள் கையால் போனால், அந்த நாலு பேருக்கும் நீங்கள்தான் தொழில்தருநர் என்று ஆகிவிடலாம். சேமலாப நிதியும் விபத்து நட்டஈடும் உங்களிடம் கேட்கப்படும். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் நாளுக்கு 1,200, மாதத்துக்கு 30,000 ரூபா. அதற்குக் கீழே பேசமுடியாது. முடிந்தவரை ஆட்களை நிறுவனமே நேரடியாக எடுத்து நேரடியாகவே சம்பளம் கொடுக்கும்படி எழுதிக்கொள்ளுங்கள். இடுப்பளவுக்கு மேல் போகும் குழிக்குச் சுவர்த்தாங்கியோ, ஓரத்தைப் படிபடியாக வெட்டும் படிவெட்டோ வேண்டும், தோண்டிய மண் விளிம்பிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளிக் கொட்டப்படவேண்டும். அதற்கு யார் பொறுப்பு, யார் செலவு என்பதும் அதே தாளில் வரட்டும்.

சம்பளம் தராவிட்டாலும் செய்யக்கூடாதது

மட்பாண்டத் துண்டுகளையோ நாணயங்களையோ பிணையாக வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து புதிதாக வரும் தொல்பொருள் அரசுடைமை. சம்பளப் பிணக்கு ஒரே நாளில் குற்றவழக்காகிவிடும். வரைபடங்களும் அறிக்கையும் வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதாவிட்டால் பொருளாதார உரிமை (பிரதி எடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை), ஊழியர் என்றால் தொழில்தருநருக்கும் ஒப்படைத்துச் செய்வித்தது என்றால் செய்வித்தவருக்கும் போகும். ஆகவே “முழுக் கொடுப்பனவும் கிடைத்த பின்பே உரிமை மாறும், அறிக்கையில் வரைந்தவர் பெயர் இடம்பெறும்” என்ற இரண்டு வரிகளை முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் நடக்காது.

சான்றும் காலக்கெடுவும்

தொல்லியலாளருக்குச் சான்று இயல்பாகவே சேர்கிறது. ஒவ்வொரு பதிவுத்தாளிலும் திகதியும் உங்கள் முதலெழுத்தும் இருக்கும். அந்த மூலையை மட்டும் படம் எடுத்துவையுங்கள், ஆய்வுத்தரவு வெளியே போகவேண்டியதில்லை. நேர ஒழுங்கு வந்த வட்ஸ்அப் செய்தி, வங்கிக் கூற்று, களத்தில் தந்த அடையாள அட்டை, வாகனப் பதிவு எல்லாம் உதவும். கையில் காசாகத் தந்தால் அன்றே “இன்ன திகதி வேலைக்கு இவ்வளவு கிடைத்தது, நன்றி” என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

வேலையை நிறுத்திவிட்டால் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். “அடுத்த புரொஜெக்டில் பார்ப்போம்” என்ற பேச்சில் காலம் கழிந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது. 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் முடித்திருந்தால், உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்தமுடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது (ஒழுக்காற்று நடவடிக்கை வேறு). ஐந்து மாத ஒப்பந்தங்களை இடைவெளி விட்டுவிட்டுத் தருவதன் காரணம் இப்போது விளங்கும். நாட்களை நீங்களே எண்ணிவையுங்கள்.

சேமலாப நிதி, சம்பளப் பாக்கி போன்றவற்றுக்கு வேலைசெய்த இடத்துக்குரிய தொழில் அலுவலகத்திலோ நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்திலோ முறையிடலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொடுக்கலாம், அது சலுகை அல்ல, உரிமை. நிறுவனத்தின் பதிவுப்பெயரைச் சரியாக எழுதுங்கள். பெயர்ப்பலகையில் உள்ள பெயரும் பதிவுப்பெயரும் வேறாக இருந்து கடிதங்கள் சுற்றிச்சுற்றி வருவதுண்டு.

தொழில்தருநர் அரச திணைக்களமே என்றால் வழி மாறும். கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழில்தருநராக நிற்கும் அரசுக்குப் பொருந்தாது. சட்டத்தால் அமைந்த சபைகளும் கூட்டுத்தாபனங்களும் அப்படியல்ல, அவற்றுக்குப் பொருந்தும். ஆகவே காசோலை யார் பெயரில் வருகிறது என்று முதலில் பாருங்கள். திணைக்களத்துக்கு எதிராக அடிப்படை உரிமை மனு என்று யோசித்தால், உயர் நீதிமன்றத்துக்குப் போக உள்ள காலம் ஒரு மாதம் மட்டுமே.