கயாக்கில் நாலு தூண்டில்: கிராப்பிக்கு எனக்குச் சரிப்பட்ட ராட்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில ஏரிகளில் பெரிய படகுக்காரர்கள் முன்பக்கத்தில் சிலந்திக்கால் மாதிரி 14, 16 அடி ராட்களை (தூண்டில் கோல்களை) விரித்து வைத்துக் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிப்பார்கள். அதே கணக்கைத் துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் போட்டால் சிக்கல், மீன் மாட்டிய பிறகுதான். உட்கார்ந்தபடி 14 அடி ராடைத் தூக்கினால், 5 அடி நரம்பில் (தூண்டில் நூலில்) தொங்கும் மீன் தலைக்கு மேலே ஆடும், கைக்கு வராது. பின்னால் சாய்ந்து எட்டினால் கயாக் ஆட்டம் காணும்.

நீளத்தைக் குறைத்ததும் தொல்லை தீர்ந்தது. ஓரத்து இரண்டும் 10 அடி, நடு இரண்டும் 8 அடி. நுனியிலிருந்து வெளியே இருக்கும் நரம்பு கிட்டத்தட்ட ராட் நீளத்துக்கு இருந்தால், நுனியைத் தூக்கியதும் மீன் தானாக மடிக்கு வரும். ஆழத்தில் இருந்தால் அந்த அளவுக்குச் சுற்றிவிட்டுத் தூக்குவேன். நீளம் மாறுவதால் நரம்புகளும் அவ்வளவாகப் பின்னிக்கொள்வதில்லை.

நுனி மெத்தென்று வளைய வேண்டும். கிராப்பியின் வாய் காகிதம் போல மெல்லியது. விறைப்பான ராடில் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். அடிப்பகுதி மட்டும் உறுதியாக இருக்கட்டும், அரை அவுன்ஸ் ஈயத்தைத் தாங்க வேண்டுமே. அந்த ஈயம் இல்லாவிட்டால் கயாக் நகரும்போது நரம்பு செங்குத்தாக நிற்காது.

விலை உயர்ந்த ராட் தேவையில்லை. படகில் ராடைச் செருகி வைக்கும் ஹோல்டரில்தானே கிடக்கப்போகிறது! ஆனால் நாலும் வாங்குமுன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். மினசோட்டாவில் பனி உறையாத காலத்தில் பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான்.