மெட்ரோனோமில் கண் மாட்டப் போகிறவர்களுக்கு

கைவிட்டுப் போன காதலை வைத்து ஒரு ஸர்ரியலிசப் பொருள் (கனவில் வருவது மாதிரி, சம்பந்தமில்லாதவற்றைச் சேர்த்துச் செய்யும் கலைப்பொருள்) செய்யலாம் என்று சொன்னால் போதும், பட்டறைக்கு வருகிறவர்களில் பலர், பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கக் கலைஞரும் புகைப்படக்காரருமான மேன் ரேயின் மெட்ரோனோமில் வந்து நிற்பார்கள். தப்பில்லை. இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் பெட்டி, அதன் ஊசல் தண்டில் ஒரு கண்ணின் புகைப்படம், அவ்வளவுதான். பார்க்க எளிதாக இருப்பதால் யோசிக்காமல் இறங்கிவிடுகிறார்கள். கத்தரி கோணலாகப் போவது, விரலில் பசை ஒட்டுவது எல்லாம் நாளடைவில் தானே சரியாகும். அவற்றை விடுகிறேன். பொருளையே கெடுக்கும் தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

முழு முகத்தையும் வைப்பது

1929-ல் பாரிஸுக்கு வந்த லீ மில்லர், மேன் ரேயின் உதவியாளரும் காதலியும் ஆனார். 1932-ல் பிரிந்து நியூயார்க் போய்விட்டார். அவரை மேன் ரே எத்தனையோ படங்கள் எடுத்திருந்தாலும், தண்டில் மாட்டியது ஒரு கண்ணை மட்டும். முகம் இருந்தால் பார்ப்பவர் "யார் இது?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கண் மட்டும் ஆடினால், அது தன்னைப் பார்க்கிறதோ என்று நெளிவார்.

இதய வடிவம், காய்ந்த ரோஜா

வேண்டாம்.

ஒரே பிரதியைப் பசை போட்டு ஒட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு பட்டறைக்கு நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். கையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பழைய சாவி மெட்ரோனோம். பையில் ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ படம் ஒன்று, நெகட்டிவ் கிடையாது. "ஸ்கேன் பண்ணிட்டீங்களா?" என்று நான் கேட்பதற்குள் கண்ணை வெட்டி எடுத்துவிட்டார். "ஒரிஜினல் இருந்தாதான் சார் அந்த உணர்வு வரும்" என்றார். அப்புறம் சூப்பர் குளூ. அதன் ஆவி பட்டுக் கண்மணியின் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்தது. மிச்சப் பசை தண்டு வழியே இறங்கி அச்சில் இறுகியது. படமும் போயிற்று, கருவியும் போயிற்று.

மேன் ரே கண்ணை மாட்டியது பேப்பர் கிளிப்பால். 1923-ல் செய்த முதல் பொருளில் இருந்தது வேறு கண். லீ போன பிறகுதான் அவர் கண் அங்கே வந்தது. 1932-ல் இதை வரைந்து, செய்முறையையும் சேர்த்து ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். நேசித்து, இப்போது பார்க்க முடியாமல் போன ஒருவரின் படத்திலிருந்து கண்ணை வெட்டி எடுக்கச் சொல்கிறது அது. 1957-ல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் மாணவர் கூட்டம் அந்தப் பொருளை அழித்தது. காப்பீட்டுப் பணம் வந்தது. மறுபடி செய்து 'அழிக்க முடியாத பொருள்' என்று பெயர் வைத்தார். 1965-ல் 100 பிரதிகள் வேறு வந்தன. இதில் எதை ஒரிஜினல் என்பீர்கள்?

படத்தை ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத மெல்லிய தாளில் நாலைந்து அச்செடுங்கள். கிளிப்பில் மாட்டுங்கள். கசங்கினால் அடுத்தது. மூலப்படம் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

எடையை மறப்பது

தண்டில் நகரும் எடையை மேலே ஏற்றினால் தாளம் மெதுவாகும். நீங்கள் மாட்டும் கண்ணும் ஓர் எடைதான். லேமினேட் செய்து நுனியில் தொங்கவிட்டால் ஊசல் திணறி நின்றுவிடும். எண்களை நம்பாமல் காதால் கேட்டு எடையை நகர்த்துங்கள். மேசை சாய்ந்திருந்தால் 'டக்… டக்டக்…' என்று நொண்டும். அந்த நொண்டலே பிடித்திருந்தால் சரி, விட்டுவிடுங்கள்.

வேகத்தைக் கூட்டுவது

நிமிடத்துக்கு 208 தட்டில் வைத்தால் கண் தெரியாது.

சுத்தியல்

தாங்க முடிகிறவரை ஓடவிட்டு, கடைசியில் குறிபார்த்து ஒரே அடியில் நொறுக்கப் பார் என்று முடிகிறது மேன் ரேயின் செய்முறை. நிஜமாகவே அடிக்கப் போகிறவர்கள், முறுக்கிய ஸ்பிரிங்கோடு அடிக்காதீர்கள். எஃகுச் சுருள் தெறித்தால் முகத்தைக் கிழிக்கும். முழுக்க ஓடி நிற்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தேக்குமரப் பெட்டியெல்லாம் இதற்கு வேண்டாம், மலிவான பிளாஸ்டிக் போதும். அதுவும் சில்லு சில்லாகத் தெறிக்கும், எனவே பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.