லினக்ஸ் இன்ஸ்டாலரில் ஹார்டு டிஸ்க்கே தெரியவில்லையா?

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் நன்றாக பூட் ஆகிறது. ஆனால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, லேப்டாப்பின் எஸ்எஸ்டியைக் காணோம். எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஸ்டோரேஜ் மோடு, அதாவது டிஸ்க்கை அணுகும் முறை, 'ஆர்எஸ்டி', 'ரெய்டு' அல்லது 'விஎம்டி' என்று இருப்பதே காரணம். அதை 'ஏஹெச்சிஐ' என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் (விஎம்டி என்றால் டிஸேபிள் செய்தால்) டிஸ்க் தெரியும்.

விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் நேரே போய் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பூட் ஆகும்போது ஏஹெச்சிஐ டிரைவரை அது ஏற்றாததுதான் சிக்கல். முதலில் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், அதாவது தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். அப்போதே பயாஸுக்குள் நுழைந்து மோடை மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் இயங்கும் முறை) எழும்போது சரியான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். அங்கே பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு கைவசம் இருக்கட்டும். உள்ளே போனதும் டிக்கை எடுத்துவிடுங்கள்; மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வந்து நிற்கும்.

சில ஏசர் மாடல்களில் விஎம்டி அமைப்பு மறைந்திருக்கும். பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும்.