தக்காளி சால்சா: அன்றைக்கே சாப்பிட ஒன்று, ஃப்ரீசரில் வைக்க ஒன்று

முதல்முறை சால்சா செய்து மேசையில் வைத்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, “தாளிக்கலையா?”. தாளிக்க வேண்டாம், அடுப்பே பற்றவைக்க வேண்டாம். சால்சா என்றால் ஸ்பானிஷ் மொழியில் சாஸ், அவ்வளவுதான். மெக்சிகோவில் பச்சையாக நறுக்கிக் கலப்பதும் உண்டு, சுட்டு அரைப்பதும் உண்டு. பச்சையாகச் செய்தால் சீக்கிரம் சாப்பிட்டுவிட வேண்டும். எடுத்து வைக்க, சுட்டுக் கொதிக்கவிட்டதுதான் தோது.

பச்சை சால்சாவுக்கு வேண்டியவை (நான்கு பேருக்கு)

பெங்களூர்த் தக்காளி அரை கிலோ, பல்லாரி வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் 1, உப்பு முக்கால் டீஸ்பூன்.

நாட்டுத் தக்காளி வேண்டாமா என்று கேட்பீர்கள். ரசத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் தோல் மெல்லிசு, உள்ளே முழுக்கச் சாறும் விதையும்; நறுக்கியதும் குழைந்துவிடும். பெங்களூர்த் தக்காளிக்குச் சதை அதிகம். நன்றாகச் சிவந்து, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிற பழமாக எடுங்கள்.

எலுமிச்சையைப் பற்றிக் கவலையே வேண்டாம். மெக்சிகோக்காரர்கள் சால்சாவில் பிழிகிற சின்னப் பச்சை எலுமிச்சையும் நம் எலுமிச்சையும் ஒரே இனம்தான். மிளகாய் மட்டும் வேறு. அவர்களுடைய ஹலபேன்யோவைவிட நம் பச்சை மிளகாய்க்குக் காரம் கூடுதல். முதலில் ஒன்றைப் போட்டு, ருசி பார்த்து, அப்புறம் இரண்டாவதைப் போடுங்கள்.

செய்முறை

எல்லாவற்றையும் கழுவி, கடைசியாக ஒருமுறை குடிக்கிற தண்ணீரில் அலசுங்கள். பச்சையாகச் சாப்பிடப் போகிறோம். கேன் தண்ணீர் அரைச் சொம்பு செலவானால் பரவாயில்லை. கொத்தமல்லியைத் துணியில் ஒற்றி ஈரம் போக உலர்த்துங்கள்.

தக்காளியை நான்காகக் கீறி, விதைப்பகுதியைக் கட்டைவிரலால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, சதையைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மொண்ணைக் கத்தி தக்காளியை நசுக்குமே தவிர வெட்டாது.

இப்போது முக்கியமான வேலை. நறுக்கிய தக்காளியில் உப்பைத் தூவி, வடிகட்டியில் போட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்து 15 நிமிடம் விட்டுவிடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் துண்டுகளின் ஓரத்தில் ஈரம் மினுமினுக்கும், சொட்டு விழ ஆரம்பிக்கும். கால் மணி நேரத்தில் கால் டம்ளருக்கு வெளிர் ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும். இதை வடிக்காமல் விட்டால் அவ்வளவும் சால்சாவில் மிதக்கும். கொட்டிவிடாதீர்கள், வழித்த விதையோடு சேர்த்து அன்றைய ரசத்துக்கு ஆயிற்று.

தக்காளி வடிகிற நேரத்தில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழிந்து வையுங்கள். நெடி அடங்கும். மல்லியைத் தண்டோடு நறுக்குங்கள், வாசனை தண்டில்தான் அதிகம். மிளகாயைப் பொடியாக நறுக்கி எல்லாவற்றையும் கலந்து, எலுமிச்சை பிழிந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் முடிந்தது. தொட்டுச் சாப்பிட நாச்சோஸ் (மக்காச்சோளச் சிப்ஸ்) இல்லாவிட்டால் தட்டை இருக்கிறதே. அப்பளம் நமத்துவிடுகிறது.

எத்தனை நாள் இருக்கும்?

மூடிய கண்ணாடி டப்பாவில், ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால் மூன்று நாள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நம் மே மாத வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.

ஒரு கத்திரி வெயிலில் நான் செய்த கூத்து இது. மீந்த சால்சாவைப் பாட்டிலில் அடைத்து, ஊறுகாய் மாதிரி மேலே நல்லெண்ணெய் ஊற்றி அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று சத்தம். நுரையோடு எண்ணெய் கையில் வழிந்தது. அது நுரைத்துக் காட்டிக்கொடுத்ததே என் அதிர்ஷ்டம்.

தக்காளித் தொக்கு கெடாமல் இருப்பதற்குக் காரணம் எண்ணெய் மட்டுமல்ல. தண்ணீர் சுண்டும்வரை வதக்குகிறோம், உப்பும் புளியும் தாராளமாகப் போடுகிறோம். சால்சாவில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. தக்காளியின் புளிப்போ எல்லைக்கோட்டில் நிற்பது. வெங்காயம், மிளகாய் சேரச்சேர இன்னும் குறையும். பிஎச் அளவு (புளிப்பு குறையக் குறைய ஏறுகிற எண்) 4.6-க்கு மேலே போய், காற்றும் புகாமல் எண்ணெய் மூடிக்கொண்டால், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். அதை வாசனை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் சோதித்து வைத்த அளவுப்படி புளிப்புச் சேர்த்து, பாட்டிலோடு கொதிநீரில் வைத்து, வெளியிலேயே மாதக்கணக்கில் வைக்கிறார்கள். கண்ணளவில் செய்கிற காரியம் இல்லை அது. ஆரம்பத்தில் ஃப்ரீசரே போதும்.

ஃப்ரீசருக்கான சுட்ட சால்சா

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்களே, அந்த நாட்கள் நினைவிருக்கும். விலை சரிந்திருக்கும்போது இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி இதைச் செய்து வையுங்கள்.

ஒரு கிலோ தக்காளி, இரண்டாக வெட்டிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 4, தோலோடு பூண்டு 5 பல். மெக்சிகோவில் இவற்றைத் தட்டையான கல்லில் போட்டுத்தான் சுடுகிறார்கள். நமக்குச் சப்பாத்திக் கல் இருக்கிறது. தோசைக் கல்லைத் தொடாதீர்கள். தக்காளிப் புளிப்பு பட்டால் பழகிய கல்லும் மறுநாள் தோசையைப் பிடித்துக்கொள்ளும். மிளகாயை லேசாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

அங்கங்கே கருகி, தோல் சுருங்கியதும் எடுத்து, தக்காளி, பூண்டுத் தோலை உரித்து, மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு இரண்டே சுற்று. மைய அரைத்தால் சட்னி. இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி, இரண்டு எலுமிச்சை பிழியுங்கள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் மேலே ஒரு விரல் இடம் விட்டு நிரப்புங்கள். உறையும்போது விரியும்; தளும்ப நிரப்பிய கண்ணாடி பாட்டில் விரிசல் விடும்.

மூன்று மாதம் வரை ருசி குறையாது. வேண்டும்போது ஒரு டப்பாவை முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். தண்ணீர் பிரிந்து நின்றால் ஒரு கொதி விட்டு ஆறவைத்து, பச்சை வெங்காயமும் மல்லியும் புதிதாக நறுக்கிப் போடுங்கள். இளகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். உறைந்தபின் சால்சாவும் மீந்த காரக்குழம்பும் பார்க்க ஒரே மாதிரிதான். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாச்சோஸுக்குக் காரக்குழம்பு வந்தது.