இலக்கியம், செய்யுள், நூல்: பழைய நூல்களில் இச்சொற்களுக்குப் பொருள் காணும் முறை

பழைய இலக்கண நூல்களையும் உரைகளையும் படிக்கத் தொடங்குபவரை அரிய சொற்கள் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. அவற்றுக்கு அவர் தாமே அகராதியைத் திறந்துவிடுவார். இலக்கியம், செய்யுள், நூல், உரை எனப் பள்ளி நாள் முதல் பழகிய சொற்களே அவரை ஏமாற்றுகின்றன. ஆகவே இவற்றுள் ஒன்றைப் பழைய நூலில் காணும்போது, இன்றைய பொருளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அது எந்தச் சொல்லோடு இணைத்து அல்லது எதிர்நிறுத்தப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இலக்கியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்பலின்’ என்று நன்னூலின் 141ஆம் நூற்பா தொடங்குகிறது. அங்கே நூலாசிரியர் பவணந்தியார் பேசுவது, ‘அறிஞன்’ போன்ற பெயர்ச்சொல்லில் பகுதியையும் விகுதியையும் பிரித்துவிட்டு, இடையில் நிற்பதை இடைநிலை எனக் கொள்வது பற்றியே. இந்த இடத்தில் இலக்கியம் என்பதற்குக் கதை, கவிதை என்று பொருள் வைத்துப் படித்துப் பாருங்கள், நூற்பா ஓடாது. சான்றோர் ஆட்சியில் ஏற்கெனவே கண்ட சொல், அதாவது விதி எதைச் சுட்டுகிறதோ அந்தப் பொருள் என்று வைத்தால் உடனே ஓடும். வடமொழியின் லக்ஷ்யம், லக்ஷணம் என்ற இணையோடு இச்சொற்களைப் பலர் தொடர்புபடுத்துவர். ‘இலக்கு’ என்பதை அடியாகக் கொண்டு தமிழிலேயே மூலம் காண்போரும் உளர். எவ்வழியில் சென்றாலும் ‘சுட்டப்படுவது’ என்ற பொருளுக்கே வந்து சேர்கிறோம் என்பதால், பொருள் காண்பவர் இந்த வழக்கில் தலையிடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

இன்று நாம் இலக்கியம் என்று விரித்துச் சொல்வதற்குத் தொல்காப்பியர் ஆண்ட சொல் செய்யுள். அதைப் பாடலாக மட்டும் கொண்டால் பெரும்பிழை நேரும். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் ஆகிய ஏழையும் அவர் யாப்பின் வகைகளாகச் செய்யுளியலில் அடுக்குகிறார். பிசி என்பது விடுகதை, முதுசொல் என்பது பழமொழி. பாட்டி சொன்ன விடுகதைக்கும் அதில் இடம் உண்டு என்பது எண்ணி மகிழத்தக்கது. வாய்மொழி என்பதைக் கண்டதும் நாட்டுப்புறப் பாடல் என்று முடிவுகட்டிவிடக் கூடாது; உரையாசிரியர்கள் அதற்கு மந்திரம் என்று பொருள் கொண்டனர். இவ்வாறு பட்டியலில் வரும் சொல்லை அதன் அண்டை வீட்டாரோடு சேர்த்துப் படிப்பதே பாதுகாப்பான வழி.

அதே பட்டியலில் உள்ள நூல், அச்சிட்ட புத்தகம் எதையும் குறிக்காது. தொடக்கமும் முடிவும் முரணாமல், பொருளைத் தொகுத்தும் வகுத்தும் நுணுக்கமாக விளக்குவதே நூல் என்பது தொல்காப்பியத்தின் வரையறை. அந்தக் கணக்கில் இன்றைய நாவல் நூலாகாது, சிற்றிலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூலாகும். இச்சொல்லின் உருவகத்தை நன்னூல் அழகாக விரிக்கிறது: சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அறிவே நூற்கும் கதிர். அடுத்த பாட்டில் உவமை தச்சுப் பட்டறைக்கு மாறுகிறது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல, மனக் கோணலைத் தீர்ப்பது இந்த நூலின் மாண்பு. ‘நூல் பிடித்தாற்போல’ என்று இன்றும் சொல்கிறோம். இரும்புக் கடையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பொருள் தெளியாதபோது இப்படித் தொழில் வழக்கையும் கேட்டுப் பார்ப்பது உதவும்.

உரை என்பதற்குப் பேச்சு, உரைநடை, விளக்கம் என மூன்று பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்னும்போது அது உரைநடை. சுருக்கமான உரைவகையைக் ‘காண்டிகையுரை’ என்னும்போது விளக்கம். பாட்டு என்பதும் சிறியதாக இருக்க வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் 103 அடிகளில் முடியும் முல்லைப்பாட்டும் உண்டு, 782 அடிகள் ஓடும் மதுரைக்காஞ்சியும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு அகராதியைத் திறக்கலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் ஓர் அனுபந்தமாகவும் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இதற்கு ஏற்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதனை இலவசமாகத் தேடலாம். அதில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிடாமல், ஒவ்வொரு பொருளுக்கும் அருகே சுருக்கக் குறியோடு தரப்படும் மேற்கோள் எந்த நூலிலிருந்து வந்தது என்பதைக் கவனித்து, நாம் படிக்கும் நூலின் காலத்துக்கு நெருங்கிய மேற்கோளுடைய பொருளை மூலப் பாட்டில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். தொடர் ஓடாவிட்டால் அடுத்த பொருளுக்குச் செல்லலாம்.