ஒரு கவுண்டி அணியின் சரிவைப் படித்தறியும் முறை: கடலூர், புதுச்சேரி ஆர்வலர்களுக்கான வழிகாட்டி

இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணிகள் ஆடும் கிரிக்கெட்டை நம் பகுதியிலிருந்து கவனிப்பவர்களில் பலர் ஒரு தமிழ்நாட்டு வீரரின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குள் நுழைந்திருப்பார்கள். 1973 முதல் 1975 வரை டெர்பிஷையருக்கு ஆடிய வெங்கட்ராகவன், 2017இல் வூஸ்டர்ஷையருக்குப் பந்து வீசிய அஸ்வின், 2023இல் சர்ரே அணியில் களமிறங்கிய சாய் சுதர்சன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார். அங்கே கோடைக்காலத்தில் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே பிற்பகல் 3.30 மணிக்கு வருவதாலும், கவுண்டிகள் பல ஆட்டங்களை யூடியூபில் இலவசமாகவே ஒளிபரப்புவதாலும், மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ இருந்துகொண்டு ஒரு பருவம் முழுவதையும் பின்தொடர்வது இப்போது கடினமில்லை. அப்படிப் பின்தொடர்பவருக்கு விரைவில் ஒரு கேள்வி எழும்: ஒரு காலத்தில் எல்லோரையும் வென்ற அணி இன்று ஏன் அடியில் கிடக்கிறது?

அந்தக் கேள்விக்கு நாமே ஆவணங்களைப் பார்த்து விடை காண்பதற்கான முறையை இங்கே எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். சரிவு தொடங்கிவிட்டதைப் புள்ளிப் பட்டியல் கடைசியில்தான் தெரிவிக்கும். அணியை விட்டு யார், எப்போது, எதற்காகப் போனார்கள் என்ற பட்டியல் அதைப் பல ஆண்டுகள் முன்னதாகவே தெரிவித்துவிடும். ஆகவே இரண்டாவது பட்டியலிலிருந்துதான் படிப்பைத் தொடங்க வேண்டும்.

அணியையும் காலத்தையும் தேர்ந்தெடுத்தல்

ஒரே ஒரு முறை பட்டம் வென்ற அணியை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பருவத்தின் வெற்றியில் மழைக்கும் நாணயச் சுழற்சிக்கும் பங்கு இருக்கக்கூடும். பத்தாண்டுக்குள் இரண்டு முறையாவது, பல நாள் ஆட்டங்களுக்கான பட்டப் போட்டியான கவுண்டி சாம்பியன்ஷிப்பை வென்று, பிறகு நெடுங்காலம் அதைத் தொடாத அணியைத் தேர்ந்தெடுங்கள். முதல் பட்டத்துக்கு ஐந்தாண்டு முன்பிருந்து கடைசிப் பட்டத்துக்குப் பின் பதினைந்து ஆண்டு வரை பார்ப்பது நல்லது, ஏனெனில் ஏற்றம் எதனால் வந்தது என்று தெரியாமல் இறக்கம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. யார்க்‌ஷையர், லெஸ்டர்ஷையர் ஆகிய இரண்டையும் நான் பரிந்துரைக்கிறேன். ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது, இரண்டின் கதைகளும் ஓரிடத்தில் பின்னிக்கொள்கின்றன.

போட்டியின் அமைப்பு மாறிய ஆண்டுகளையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். 1992இல் டர்ஹம் சேர்ந்த பிறகு கவுண்டிகள் 18 ஆயின. அதற்கு முன் 17. 2000 முதல் சாம்பியன்ஷிப் மேல், கீழ் என இரண்டு டிவிஷன்களாகப் பிரிந்தது. எனவே 1990களில் ஏழாம் இடம் என்பதும் 2005இல் இரண்டாம் டிவிஷனில் ஏழாம் இடம் என்பதும் முற்றிலும் வேறானவை.

ஏட்டில் எழுத வேண்டியவை

நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரெதிரான இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் அந்தப் பருவத்தில் வழக்கமாக ஆடிய பதினொருவரின் பெயர்களையும் வயதுகளையும் எழுதி, எந்த இருவர் அதிக விக்கெட்டுகளை எடுத்தார்கள், எந்த இருவர் அதிக ஓட்டங்களைக் குவித்தார்கள் என்பதைக் குறியுங்கள். வலப்பக்கத்தில் அந்த ஆண்டு முடிவில் வெளியேறியவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓய்வு, நீக்கம், வேறு கவுண்டி என்ற மூன்றில் ஒன்றை இடுங்கள். கிரிக்இன்ஃபோ போன்ற தளங்களில் ஒவ்வொரு வீரரும் ஆடிய அணிகள் இருப்பதால் இந்த வேலைக்குப் பொறுமை மட்டுமே தேவை. அணியின் இடம் என்ன என்பதைப் பக்கத்தின் அடியில், எல்லாம் எழுதி முடித்த பிறகு, சிறியதாக எழுதுங்கள். முதலிலேயே இடத்தை எழுதிவிட்டால், நாம் தேடும் காரணங்கள் எல்லாம் அந்த எண்ணுக்கு ஏற்பவே வளைந்துவிடுகின்றன.

யார்க்‌ஷையரை எடுத்துக்கொள்வோம். 1959, 1960, 1962, 1963, 1966, 1967, 1968 என்று பத்துப் பருவங்களில் ஏழு பட்டங்களை வென்ற அணி அது. 1968ஆம் ஆண்டின் இடப்பக்கத்தை எழுதும்போதே ஃபிரெட் ட்ரூமனுக்கு 37 வயது, பிரையன் க்ளோஸுக்கும் 37, ரே இல்லிங்வொர்த்துக்கு 36 என்று தெரியவரும். வலப்பக்கம் இன்னும் தெளிவாகப் பேசும். அந்தப் பருவத்தோடு ட்ரூமன் ஓய்வு பெற்றார். இல்லிங்வொர்த் நீண்டகால ஒப்பந்தம் கேட்டார், நிர்வாகம் தரவில்லை, அவர் லெஸ்டர்ஷையருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் தலைவராகி, 1970–71இல் ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடரை மீட்டார். 1970இல் க்ளோஸை நிர்வாகமே நீக்கியது. அவர் சாமர்செட்டுக்குப் போய், பிறகு அங்கே தலைவராகி, இயன் போத்தம், விவியன் ரிச்சர்ட்ஸ் ஆகிய இளைஞர்களை வளர்த்தெடுத்தார். ஓய்வு பெற்றவர் ஒருவர்தான். மற்ற இருவரும் இன்னும் பல ஆண்டுகள் கொடுக்கக்கூடிய அறிவோடு எதிரணிகளுக்குப் போனார்கள். மூவரையும் ‘வயதானவர்கள் விலகினார்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் இந்த உண்மை மறைந்துபோகும், அதனால்தான் காரணத்தைத் தனித்தனியாக எழுதச் சொல்கிறேன்.

வெளியேறியவர்களின் இடத்தை யார் நிரப்பினார்கள் என்பது அடுத்த கேள்வி. 1968இல் கவுண்டிகள் வெளிநாட்டு வீரர்களை உடனடியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற விதி வந்தது. நாட்டிங்ஹாம்ஷையர் சோபர்ஸையும், லங்காஷையர் ஃபாரூக் எஞ்சினியரையும் க்ளைவ் லாயிடையும், ஹாம்ப்ஷையர் பாரி ரிச்சர்ட்ஸையும் சேர்த்துக்கொண்டன. யார்க்‌ஷையரோ தன் மண்ணில் பிறந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும் என்ற வழக்கத்தை 1992 வரை விடவில்லை. அந்த ஆண்டு 19 வயதுச் சச்சின் டெண்டுல்கர்தான் அதன் முதல் வெளிநாட்டு வீரர். சொந்த மண்ணின் பிள்ளைகளை ஆடவைக்க வேண்டும் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படிச் சொன்ன அணி, தன் மண்ணில் பிறந்த இல்லிங்வொர்த்துக்கே சில ஆண்டுப் பாதுகாப்பைத் தர மறுத்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். வெளியிலிருந்து எடுக்கமாட்டோம் என்று முடிவு செய்யும் அணிக்கு, உள்ளே இருப்பவர்களைப் போகவிடாமல் காக்கும் கடமை மற்ற எவரையும்விட அதிகம்.

இப்போது 1975ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு வாருங்கள். அந்த ஆண்டு லெஸ்டர்ஷையர் தன் வரலாற்றில் முதல் முறையாகச் சாம்பியன்ஷிப்பை வென்றது, தலைவர் இல்லிங்வொர்த். இரண்டாம் இடத்தில் இருந்தது யார்க்‌ஷையர். பட்டியலை மட்டும் பார்த்தால் யார்க்‌ஷையர் மீண்டுவிட்டதாகவே தோன்றும், பலருக்கு அப்படித் தோன்றியும் இருக்கலாம். வலப்பக்கத்தைப் படித்து வந்தவருக்கு, தான் விட்டுவிட்ட மனிதரிடமே அந்த அணி பட்டத்தை இழந்தது என்று புரியும். அதற்குப் பிறகும் அடுத்த பட்டத்துக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறிய கவுண்டியின் சரிவு

லெஸ்டர்ஷையரின் சரிவு வேறு வகையானது. 1996இல் ஜேம்ஸ் விட்டேக்கர் தலைமையில் பருவம் முழுவதற்கும் 13 வீரர்களை மட்டுமே பயன்படுத்திச் சாம்பியன்ஷிப்பை வென்றார்கள். 1998இல் மீண்டும் வென்றார்கள். இத்தனை குறைவான வீரர்களோடு வென்றதைப் பெருமையாகச் சொல்வார்கள், அது பெருமைதான். ஆனால் ஏட்டில் அந்த எண்ணை வட்டமிட்டு வையுங்கள். 13 பேர் ஆடிய பருவத்தில் பதினான்காவது ஆளுக்குப் பயிற்சி ஆட்டத்தைத் தவிர எதுவும் கிடைத்திருக்காது. அந்தப் பதின்மூவர் கலையும்போது இடத்தை நிரப்புவதற்குத் தயாராக இருப்பவர்கள் சிலரே. அடுத்த சில ஆண்டுகளின் வலப்பக்கங்களில் ஆலன் முல்லாலி ஹாம்ப்ஷையருக்கும், பென் ஸ்மித் வூஸ்டர்ஷையருக்கும், ஜேம்ஸ் ஆர்மண்ட் சர்ரேவுக்கும் போவதை எழுத வேண்டியிருக்கும். 2003இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

இறங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இங்கிலாந்து அணியில் இடம் வேண்டும் என்று நினைக்கும் இளைஞர் முதல் டிவிஷனில், டெஸ்ட் மைதானம் உள்ள கவுண்டியில் ஆடத்தான் விரும்புவார். லெஸ்டரின் கிரேஸ் ரோடு டெஸ்ட் மைதானம் அன்று, அருகிலுள்ள நாட்டிங்ஹாமின் ட்ரெண்ட் பிரிட்ஜோ பழம்பெரும் டெஸ்ட் மைதானம். லெஸ்டர்ஷையரில் வளர்ந்த ஸ்டூவர்ட் பிராட் 2007ஆம் ஆண்டுப் பருவத்தோடு நாட்டிங்ஹாம்ஷையருக்குப் போனார். 2011ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஜேம்ஸ் டெய்லரும் ஹாரி கர்னியும் அதே அணிக்குப் போனார்கள். நல்ல வீரர் போவதால் அணி தோற்கிறது, தோற்பதால் அடுத்த நல்ல வீரரும் போகிறார். 2013, 2014 ஆகிய இரண்டு பருவங்களிலும் சாம்பியன்ஷிப்பில் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல், 2012 செப்டம்பருக்குப் பின் 2015 ஜூனில் எசெக்ஸை வீழ்த்திய அன்றுதான் லெஸ்டர்ஷையர் அடுத்த வெற்றியைக் கண்டது.

கோப்பைகள் மறைப்பதைக் கண்டறிதல்

குறைந்த ஓவர் கோப்பைகளை ஏட்டின் தனிப் பகுதியில் எழுதுங்கள், அவற்றைச் சாம்பியன்ஷிப்போடு கலக்காதீர்கள். 1983இல் யார்க்‌ஷையர் ஞாயிற்றுக்கிழமை லீகை வென்றது. திரும்பி வந்திருந்த இல்லிங்வொர்த்தான், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தலைவர். அதே ஆண்டு சாம்பியன்ஷிப்பில் 17 அணிகளில் கடைசி இடம், அதன் வரலாற்றில் முதல் முறையாக. 28 ஆண்டுகள் கழித்து, 2011இல், லெஸ்டர்ஷையர் தன் மூன்றாவது டி20 கோப்பையை வென்றது; அதே பருவத்தில் சாம்பியன்ஷிப்பின் இரண்டாம் டிவிஷனில் கடைசி இடம். இரண்டு வேறு கவுண்டிகளில் ஒரே காட்சி அமைவது தற்செயல் அன்று என்றே நான் கருதுகிறேன். நான்கைந்து திறமையாளர்களும் ஒரு நல்ல மாலையும் இருந்தால் சிறிய ஆட்டத்தை வெல்லலாம். நான்கு நாள் ஆட்டத்தில் எதிரணியை இரண்டு முறை ஆட்டமிழக்கச் செய்ய, ஏப்ரலிலும் செப்டம்பரிலும் பந்து வீசத் தக்க ஐந்தாறு பேர் வேண்டும். சரிவு அந்த ஐந்தாவது, ஆறாவது ஆளிடம்தான் தொடங்குகிறது. ஆகவே ஏட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் நான்காவது முதல் ஆறாவது இடம் வரையிலான பந்துவீச்சாளர்களின் விக்கெட்டுகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

இதே முறையை நம் ஊர் அணிக்குப் பொருத்துதல்

கடலூர் மாவட்டத்தில் நன்றாக ஆடும் பையன் சென்னை லீகுக்குப் போவது இயல்பு; அவனைத் தடுப்பது நியாயமும் அன்று. புதுச்சேரி 2018–19 பருவத்திலிருந்து ரஞ்சி கோப்பையில் ஆடத் தொடங்கிய பிறகு, வெளி மாநில வீரர்களைச் சேர்ப்பதா உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இடம் தருவதா என்ற கேள்வி அங்கேயும் உயிரோடு இருக்கிறது. யார்க்‌ஷையரும் லெஸ்டர்ஷையரும் சந்தித்த இரண்டு சிக்கல்களும் இவையேதான்.

கிளப் செயலாளராக இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஸ்கோர் புத்தகங்களைக் காப்பது. ‘தானே’ புயலும் அதன்பின் வந்த வெள்ளங்களும் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளின் தாள்களை அழித்திருக்கின்றன. மிஞ்சியவற்றை ஒவ்வொரு பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து, இரண்டு பேரிடமாவது வையுங்கள். பிறகு மேலே சொன்ன இரண்டு பக்க ஏட்டைத் தொடங்குங்கள். வெளியேறியவரின் காரணத்தை அவரிடமே கேட்டு எழுதுங்கள்: வேலை, படிப்பு, காயம், வேறு அணி, நிர்வாகத்தோடு மனத்தாங்கல் என்று அவர் சொல்வதை மாற்றாமல் எழுதுவது முக்கியம். மனத்தாங்கல் என்ற காரணம் அடுத்தடுத்த பருவங்களில் மீண்டும் மீண்டும் வந்தால், அணி அந்த ஆண்டு கோப்பையே வென்றிருந்தாலும் கூட்டத்தைக் கூட்டிப் பேசுங்கள்.

மீண்டுவிட்டது என்று எப்போது எழுதலாம்

ஒரு கோப்பையை வைத்து எழுத வேண்டாம். 2023இல் லெஸ்டர்ஷையர் இறுதி ஆட்டத்தில் ஹாம்ப்ஷையரை 2 ஓட்ட வித்தியாசத்தில் வீழ்த்தி ஒருநாள் கோப்பையை வென்றது. ஆனால் அந்தப் போட்டி ‘தி ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்துப் போட்டி நடக்கும் அதே வாரங்களில் நடப்பதால் முன்னணி வீரர்கள் பலர் அதில் ஆடுவதில்லை. 2025இல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்று, 2003இல் இழந்த இடத்துக்குத் திரும்பியதே பெரிய சான்று. அதைவிடவும் நான் கவனிப்பது வலப்பக்கத்தை. 18 வயதில், 2022இல் கராச்சியில், இங்கிலாந்து ஆடவர் அணியின் மிக இளைய டெஸ்ட் வீரராக அறிமுகமான ரெஹான் அகமது, பிராடும் டெய்லரும் சென்ற வழியில் போகாமல் அந்த 2025 பருவத்திலும் லெஸ்டர்ஷையருக்கே ஆடினார். அடுத்த மூன்று பருவங்களின் வலப்பக்கங்களிலும் ‘வேறு கவுண்டி’ என்ற குறிப்பு இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த எவருக்கும் எதிரே விழாமல் இருந்தால், அந்தப் பக்கத்தின் அடியில் தேதியிட்டு ‘சரிவு நின்றது’ என்று எழுதலாம்.